கைராசி

கைராசி என்ற வார்த்தைக்குச் சமமாக இங்கிலீஷில் ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் அது குறிக்கும் விஷயம் இங்கிலீஷ்காரர்களிடம் தாராளமாகவே இருந்திருக்கிறது. ஒரு டாக்டருக்குக் கைராசி உண்டு என்று நாம் சொல்லும்போது அவர் படிப்பைப் பற்றியோ, நோயைக் கண்டுபிடிக்கும் திறமையைப் பற்றியோ எதுவும் சொல்வதில்லை. அவர் தொட்டால் சரியாகிவிடுகிறது, அவ்வளவுதான். மூடநம்பிக்கை என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். ஒதுக்கிய பிறகும் ஒரு கேள்வி பாக்கி நிற்கிறது. நோயாளிக்கு வைத்தியம் தெரியாது. தெரிந்திருந்தால் அவன் டாக்டரிடம் போகவேண்டியதே இல்லை. தனக்குத் தெரியாத ஒரு வித்தையில் இன்னொருவன் தேர்ந்தவனா என்பதை அவன் எதை வைத்து முடிவு செய்கிறான்? முடிவு செய்யாமல் இருக்கவும் அவனால் முடியாது. ஜுரம் காத்திருக்காது.

இதை இங்கிலாந்தின் குடும்ப டாக்டரை வைத்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றக் காரணம், அங்கே முன்னூறு வருஷத்துக்கு வழக்கு, கடிதம், நாவல், விசாரணை அறிக்கை என்று காகிதம் மிஞ்சியிருக்கிறது என்பதுதான். போதாததற்கு நான் படித்தது இங்கிலீஷ் இலக்கியம், வைத்தியமல்ல. அந்த இலக்கியத்தில் டாக்டர்கள் நிறைய வருகிறார்கள். பரீட்சையில் கேட்கமாட்டார்கள் என்பதால் பி.ஏ. வகுப்பில் அவர்களைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

அந்த நாட்டுக் குடும்ப டாக்டரின் மூதாதை மருந்துக்கடைக்காரர். அபாதிகரி என்று பெயர். பல்கலைக்கழகத்தில் படித்த பிஸிஷியன் லத்தீனில் சீட்டு எழுதுவார். அபாதிகரி அதைக் கலந்து கொடுக்கவேண்டும். இதுதான் முறை. பிஸிஷியனுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் நேரே அபாதிகரியிடம் போனார்கள். லண்டனில் வில்லியம் ரோஸ் என்ற அபாதிகரி ஒரு கசாப்புக்கடைக்காரருக்கு வைத்தியம் பார்த்தார். குணம் தெரியவில்லை; பில் மட்டும் பெரிதாக வந்தது. கசாப்புக்கடைக்காரர் பிஸிஷியன்களின் கல்லூரியிடம் போய் முறையிட, கல்லூரி ரோஸ் மீது வழக்குப் போட்டது. கீழ்க் கோர்ட்டில் தோற்ற ரோஸ் 1704-ல் பிரபுக்கள் சபையில் ஜெயித்தார். அன்றிலிருந்து அபாதிகரியும் நோயாளியைப் பார்த்து வைத்தியம் சொல்லலாம் என்றாயிற்று. ஆனால் ஒரு கொக்கி: சொல்லும் யோசனைக்கு அவர் காசு வாங்கக்கூடாது. கொடுக்கும் மருந்துக்கு மட்டும்தான் வாங்கலாம்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இங்கிலீஷ் நோயாளியின் பார்வையைப் பழக்கியது இந்தக் கொக்கிதான் என்பது என் எண்ணம். டாக்டரின் தலைக்குள் நடப்பதற்கு விலை இல்லை, பாட்டிலுக்கு விலை உண்டு. ஆகவே பாட்டில்கள் பெருகின. காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று, தூக்கம் வர ஒன்று, எழுந்து உட்காரத் தெம்புக்கு ஒன்று. திறமை என்பது கார்க் வைத்து, காகிதம் சுற்றி, பையன் கையில் வாசலுக்கு வந்து சேரும் ஒரு சாமானாயிற்று. நிறைய பாட்டில் அனுப்புகிறவர் நிறைய அக்கறை உள்ளவர். நோயாளியின் அறியாமை என்று பேசுகிறோமே, அந்த அறியாமைக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் சட்டத்துக்கும் பங்கு இருக்கிறது. நம் ஊர் டிஸ்பென்ஸரிகளில் கம்பவுண்டர் சிவப்பு மிக்ஸ்சரை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காட்டக் காகிதத்தை மடித்து வெட்டி ஒட்டிக் கொடுத்த பாட்டில் இந்த வம்சத்தில் வந்ததுதான். ஊசி போடாத டாக்டருக்கு ஃபீஸ் கொடுக்க மனம் வராத நம்மவர்களும் அந்தக் கசாப்புக்கடைக்காரரின் உறவினர்கள்தாம்.

பாட்டில் இல்லாமலும் நம்பிக்கை பிறக்கும் என்பதற்கு ராபர்ட் லெவெட் சாட்சி. ஸாமுவேல் ஜான்ஸன் வீட்டில் பல வருஷம் ஒண்டியிருந்த மனிதர் இவர். பாரிஸில் ஒரு காபிக்கடையில் சர்வராக இருந்தபோது அங்கே வந்துபோன சர்ஜன்களிடமிருந்து வைத்தியம் கற்றுக்கொண்டவர். பட்டம் கிடையாது. லண்டனின் ஏழைத் தெருக்களில் நடந்தே போய் வைத்தியம் பார்ப்பார், கொடுத்ததை வாங்கிக்கொள்வார். கொடுக்க ஒன்றுமில்லாதவர்கள் ஜின் ஊற்றிக் கொடுத்தால் அதையும் குடித்துவிட்டு வருவார் என்று கேலி பேசியிருக்கிறார்கள். பிஸிஷியன்களின் கல்லூரி முழுதும் திரண்டு வந்து நின்றாலும் லெவெட் பக்கத்தில் இல்லாவிட்டால் ஜான்ஸனுக்குத் திருப்தி இருக்காது என்பது பாஸ்வெல் தரும் செய்தி. இங்கிலீஷ் அகராதியைத் தனியாளாகத் தொகுத்தவர், லண்டனின் பெரிய டாக்டர்களையெல்லாம் நண்பர்களாகக் கொண்டவர், படிப்பறியாத ஜனங்கள் நம்பிய அதே மனிதரை நம்பினார். லெவெட் 1782 ஜனவரியில் இறந்தபோது ஜான்ஸன் எழுதிய இரங்கற்பா அவருடைய நல்ல கவிதைகளில் ஒன்று. லெவெட்டின் வைத்தியம் பலித்ததா என்பதற்கு அதில் ஆதாரம் தேடிப் பயனில்லை. அவர் வந்தார், கூப்பிட்ட நேரத்தில் வந்தார் என்பதற்கு நிறைய ஆதாரம் இருக்கிறது.

1815-ல் அபாதிகரிகளுக்கான சட்டம் வந்தது. ஐந்து வருஷம் ஒருவரிடம் தொழில் பழகவேண்டும், பரீட்சை எழுதவேண்டும், லைசென்ஸ் வாங்கவேண்டும். சட்டம் வந்த மறுவருஷமே, 1816 ஜூலையில், அந்தப் பரீட்சையில் தேறியவர்களில் ஒருவர் ஜான் கீட்ஸ். எட்மண்டனில் ஒரு சர்ஜனிடம் தொழில் பழகி, லண்டனில் கைஸ் ஆஸ்பத்திரியில் ரணங்களுக்குக் கட்டுப் போட்டவர் அவர். லைசென்ஸ் வாங்கிவிட்டுக் கவிதை எழுதப் போய்விட்டார். டாக்டரின் திறமையை நோயாளி எடைபோடும் விஷயத்தில் கீட்ஸைப்போல் இன்னொரு சாட்சி கிடைப்பது அரிது. வைத்தியம் தெரிந்த நோயாளி அவர்.

1820 பிப்ரவரி 3-ஆம் தேதி இரவு, குளிரில் கோச் வண்டியின் வெளித்தட்டில் உட்கார்ந்து வந்தவர் படுக்கையில் இருமியபோது துணியில் ஒரு சொட்டு ரத்தம் விழுந்தது. மெழுகுவர்த்தியைக் கொண்டுவரச் சொல்லி அதைப் பார்த்தார். அந்த நிறம் தனக்குத் தெரியும், அது தமனியிலிருந்து வந்த ரத்தம், தான் பிழைக்கப்போவதில்லை என்று நண்பர் பிரௌனிடம் சொன்னார். தாயும் தம்பி டாமும் க்ஷயத்தில் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். பிறகு டாக்டர்கள் வந்தார்கள். மூச்சு சம்பந்தமான நோய்களில் பெயர் பெற்ற ஒருவர், நுரையீரலில் ஒன்றுமில்லை, நரம்புத் தளர்ச்சிதான் என்றார். நவம்பரில் ரோமுக்குப் போய்ச் சேர்ந்தார் கீட்ஸ். அங்கே அவரைப் பார்த்தவர் ஜேம்ஸ் கிளார்க். ஸ்காட்லாந்துக்காரர், முப்பத்திரண்டு வயது. கோளாறு முக்கியமாக வயிற்றில்தான் என்று கிளார்க் நினைத்தார். ரத்தம் எடுத்தார். நாளுக்கு ஒரு சிறு மீனும் ஒரு துண்டு ரொட்டியும் என்று பத்தியம் போட்டார். பசி தாங்காமல் கீட்ஸ் கெஞ்சியதை உடனிருந்த ஓவியர் ஸெவர்ன் எழுதி வைத்திருக்கிறார். 1821 பிப்ரவரி 23-ல் கீட்ஸ் இறந்தார். அறுத்துப் பார்த்தபோது நுரையீரல் அநேகமாக இல்லவே இல்லை.

ஆனால் அதே ஸெவர்னின் கடிதங்களில் கிளார்க் எப்படிப்பட்ட மனிதர் என்பதும் இருக்கிறது. தங்க இடம் பார்த்துக் கொடுத்தது அவர்தான். ஒரு நாளில் நாலைந்து தடவை வந்து பார்ப்பார். நோயாளிக்கு ஒத்துக்கொள்ளும் என்று ஒரு குறிப்பிட்ட மீனைத் தேடி ரோம் நகரெங்கும் அலைந்திருக்கிறார். அவர் மனைவி தன் கையால் சமைத்து அனுப்புவாள். இதில் ஒரு துளியும் பொய்யில்லை. ஸெவர்ன் கண்டது உண்மையான நல்ல மனிதரை. அந்த நல்ல மனிதர் பக்கத்திலிருந்த நுரையீரலைக் காணவில்லை. வேறு யார் பார்த்திருந்தாலும் கீட்ஸ் பிழைத்திருக்கமாட்டார் என்பதையும் சொல்லவேண்டும். க்ஷயத்துக்கு மருந்து 1940-களில்தான் வந்தது. ஆனால் பட்டினி போடாமலாவது இருந்திருக்கலாம்.

கிளார்க்கின் கதை இங்கே முடியவில்லை. லண்டன் திரும்பினார். 1835-ல், வேறெதுவுமில்லை, க்ஷயரோகத்தைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். 1837-ல் விக்டோரியா பட்டத்துக்கு வந்ததும் ராணியின் வைத்தியர். 1839-ல் அரண்மனையில் ராணியின் தாயாருக்குத் தோழியாக இருந்த ஃப்ளோரா ஹேஸ்டிங்ஸ் என்ற கல்யாணமாகாத பெண்ணுக்கு வயிறு வீங்கியது. கர்ப்பம் என்று கிளார்க் சந்தேகப்பட்டார். அரண்மனை முழுதும் கிசுகிசுத்தது. பரிசோதனையில் அவள் கன்னி என்று தெரிந்தது. ஜூலையில் இறந்தே போனாள். ஈரலில் கட்டி. பத்திரிகைகள் கிளார்க்கைக் கிழித்தன. ராணி அவரைக் கைவிடவில்லை. இதற்கு அரண்மனை அரசியலும் ஒரு காரணம்தான். ஆனால் அது மட்டுமே என்று எனக்குத் தோன்றவில்லை. ராணியும் ஒரு நோயாளி. அவள் கண்டது தன் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பேசும், எதற்கும் பதறாத ஒரு மனிதரை. ஸெவர்ன் கண்டதும் அதைத்தான்.

*

இதையெல்லாம் ஒரு நாவலில் வைத்து யோசித்தவர் ஜார்ஜ் எலியட். 'மிடில்மார்ச்' 1871 டிஸம்பரிலிருந்து ஒரு வருஷம் பகுதி பகுதியாக வந்தது. கதை நடப்பது 1829-லிருந்து 1832 வரை. டாரத்தியாவின் கதை என்று அதைப் படிக்கப் பழகிவிட்டோம். நான் இப்போதெல்லாம் அதை லிட்கேட்டின் கதையாகத்தான் படிக்கிறேன். பாரிஸில் படித்துவிட்டு ஒரு சின்ன ஊருக்கு வரும் இளம் டாக்டர். மருந்து விற்கமாட்டேன், மருந்துக்கடைக்காரரிடம் கமிஷன் வாங்கமாட்டேன் என்கிறார். இன்று கேட்டால் இது யோக்கியம். அன்று அந்த ஊருக்கு அது அவமானம். மளிகைக்கடை மாம்ஸியைப் பாருங்கள். அவர் வருஷக்கணக்காகப் பாட்டில் பாட்டிலாக வாங்கிப் பணம் கொடுத்து வந்தவர். கொடுத்த ஒவ்வொரு காசுக்கும் அளந்து காட்டக்கூடிய ஏதோ ஒன்று கைக்கு வந்தது என்ற வியாபாரியின் நிம்மதி அவருக்கு. அவர் மனைவியோ பிரசவங்களையெல்லாம் தாண்டியதே அந்த ரோஸ் நிற மிக்ஸ்சரால்தான் என்று உறுதியாக இருப்பவள். அவரிடம் போய் லிட்கேட், இந்தப் பாட்டில் முறை ஜனங்களுக்குக் கெடுதல் என்று விளக்குகிறார். சொன்னது அத்தனையும் சரி. ஆனால் மாம்ஸியின் காதில் விழுவது, இத்தனை வருஷமும் நீ முட்டாளாக இருந்தாய் என்பதுதான். நோயாளியின் நம்பிக்கையில் அவன் சுயமரியாதையும் முதலாகப் போடப்பட்டிருக்கிறது என்பதை இந்தக் காட்சி சொல்வதுபோல் எந்த வைத்திய சரித்திரமும் எனக்குச் சொன்னதில்லை.

இதைவிட நுட்பமான இடம் நான்ஸி நாஷ் என்ற வேலைக்காரப் பெண்ணின் கேஸ். ஊரின் பெரிய டாக்டர் கட்டி என்று எழுதிக் கொடுக்கிறார். லிட்கேட் பார்த்து, கட்டியுமில்லை ஒன்றுமில்லை, தசைப்பிடிப்பு என்கிறார். சில நாளில் சரியாகிவிடுகிறது. ஊர் என்ன சொல்கிறது? லிட்கேட் கட்டியைக் குணமாக்கிவிட்டார் என்கிறது! அவருடைய உண்மையான திறமை கட்டி இல்லை என்று கண்டதில் இருக்கிறது. அது யாருக்கும் தெரியவில்லை. அவர் செய்யாத அற்புதம் எல்லோருக்கும் தெரிகிறது. மறுத்துப் பேசினால் பெரிய டாக்டரை அவமதித்ததாகும். பேசாமலிருந்தால் போலிப் புகழ். ஏலக்காரர் டிரம்புல் இன்னொரு ரகம். நிமோனியா. உடம்பு வலுவாக இருப்பதால் மருந்தைக் குறைத்து நோயைத் தன் போக்கில் போகவிட்டுக் கவனிக்கலாம் என்று லிட்கேட் முடிவு செய்கிறார். தன் உஷ்ணத்தைத் தெர்மாமீட்டர் வைத்து அளக்கிறார்கள், தான் விஞ்ஞானத்துக்கே உதவுகிறோம் என்ற பெருமையில் அந்த மனிதர் பிழைத்து எழுந்து ஊரெல்லாம் லிட்கேட்டின் புகழ் பாடுகிறார். ஒன்றும் செய்யாமலிருந்த கெட்டிக்காரத்தனம் அவருக்குப் புரிந்தது என்றா சொல்வது? பளபளக்கும் ஒரு கருவி புரிந்தது.

கடைசியில் லிட்கேட் பணக்கார நோயாளிகளின் டாக்டராகி, கௌட் நோயைப் பற்றி ஒரு புத்தகம் எழுதி, ஐம்பது வயதில் இறக்கிறார். நோயாளிகள் அவரைக் கெட்டிக்காரர் என்றார்கள். அவர் தன்னைத் தோற்றவனாகவே எண்ணினார். நோயாளிகளின் மதிப்பீடும் டாக்டரின் மதிப்பீடும் இவ்வளவு விலகி நின்றும் ஒருவர் சௌகரியமாக வாழ முடிகிறது. எழுத்தாளர்களுக்கும் இப்படி நடப்பதுண்டு, பெயர் சொல்லவேண்டியதில்லை.

அடுத்த நூறு வருஷத்தை வேகமாகக் கடந்துவிடலாம். 1906-ல் மேடையேறிய 'டாக்டர்ஸ் டிலெமா'வும், பிறகு ஷா அதற்கு எழுதிய நீண்ட முன்னுரையும் பிரபலம். கெட்டிக்காரத்தனம் நிறைய இருக்கிறது, நோயாளிதான் இல்லை. 1911-ல் இன்ஷூரன்ஸ் சட்டம். 1948 ஜூலை 5-ஆம் தேதி தேசிய சுகாதார சர்வீஸ்: காசில்லாமல் எல்லோருக்கும் ஒரு டாக்டர். பாட்டிலின் விலைக்கும் டாக்டரின் வரும்படிக்கும் இருந்த முடிச்சு அன்றோடு அறுந்தது. இரண்டு வருஷம் கழித்து ஜோஸஃப் காலிங்ஸ் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் இங்கிலாந்தில் 55 இடங்களில் குடும்ப டாக்டர்களின் வேலையை நேரில் பார்த்து 'லான்ஸெட்'டில் எழுதினார். தொழிற்சாலை ஊர்களில் பல இடங்களில் நோயாளியை ஒழுங்காகப் பரிசோதிக்கவே வசதியில்லை. அவர் படித்தவர்கள் வெட்கப்படும்படி எழுதினார். 1967-ல் ஆன் கார்ட்ரைட் என்ற சமூக ஆய்வாளர் நோயாளிகளையே கேட்டு ஒரு புத்தகம் போட்டார். பெரும்பாலோர் தங்கள் டாக்டரிடம் திருப்தியாகவே இருந்தார்கள். இடையில் 17 வருஷம் இருக்கிறது, நிலைமை கொஞ்சம் சீர்பட்டுமிருந்தது. இருந்தாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே தொழிலைப் பற்றிய பேச்சா என்று சந்தேகம் வருகிறது. நடுவில் 1957-ல் மைக்கேல் பாலிண்ட், குடும்ப டாக்டர் அதிகமாகக் கொடுக்கும் மருந்து தன்னைத்தான், அதன் அளவும் பக்கவிளைவும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை என்றார். கைராசிக்கு ஒரு விஞ்ஞானி கொடுத்த முதல் மரியாதை இது.

அதே 1967-ல் ஜான் பெர்ஜரின் புத்தகம் வந்தது. ழான் மோரின் புகைப்படங்களோடு. தலைப்பே 'அதிர்ஷ்டக்காரன்' என்று பொருள்படும். ராசி என்ற நம் வார்த்தைக்கு எவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டது! க்ளாஸ்டர்ஷயரில் காட்டோரத்துக் கிராமம் ஒன்றின் டாக்டர். ஸாஸால் என்பது பெர்ஜர் வைத்த பெயர். அறுவைக்கும் ஆபத்துக்கும் ஓடும் வீரனாகத் தன்னை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தவர், மெள்ள மெள்ளக் கேட்கிறவராக மாறுகிறார். இவரை ஏன் நல்ல டாக்டர் என்கிறார்கள் என்று பெர்ஜர் நேராகவே கேட்கிறார். நோயைக் குணமாக்குவதால் என்ற பதில் அவருக்குப் போதவில்லை. நோய் வந்தவன் மற்றவர்களிடமிருந்து பிரிந்துபோய்விடுகிறான். தன்னைப்போல் இன்னொருவன் இல்லை என்று பயப்படுகிறான். ஸாஸால் அவனை அடையாளம் கண்டுகொள்கிறார். அந்த அடையாளம் காணலுக்குத்தான் ஊர் அப்படிப் பெயர் வைத்திருக்கிறது என்கிறார் பெர்ஜர். அந்த ஜனங்களின் வாழ்க்கைக்கெல்லாம் பதிவேடு வைத்திருக்கும் குமாஸ்தா என்றுகூட டாக்டரை வர்ணிக்கிறார். நானும் குமாஸ்தா என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் இப்படி ஒருவரின் உழைப்புக்கு என்ன மதிப்புப் போடுவது என்ற கேள்விக்குப் பெர்ஜர் பதில் தராமலே முடிக்கிறார். அந்தப் புத்தகத்தின் நேர்மை அது. 1982-ல் ஸாஸால் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். எல்லோரையும் அடையாளம் கண்டவரை அவருடைய நோயாளிகள் எந்த அளவுக்குக் கண்டிருந்தார்கள்?

*

மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்று ஒரு பழைய பஞ்சாலை ஊர். அங்கே மார்க்கெட் தெருவில் 1992-லிருந்து தனியாக டிஸ்பென்ஸரி நடத்தினார் டாக்டர் ஹெரால்ட் ஷிப்மன். அதற்கு முன் அதே ஊரில் 1977-லிருந்து மற்ற டாக்டர்களோடு சேர்ந்து இருந்தார். சுமார் 3,100 நோயாளிகள். இவரிடம் பெயர் பதிந்துகொள்ள ஜனங்கள் காத்திருந்தார்கள். காரணம் கேட்டால் சொல்வார்கள்: பழைய காலத்து டாக்டர், கிழவிகளை மதித்துப் பேசுவார், கேட்க நேரம் ஒதுக்குவார், கூப்பிட்டால் வீட்டுக்கு வருவார். லெவெட்டிடமும் கிளார்க்கிடமும் ஸாஸாலிடமும் ஜனங்கள் கண்ட அதே குணங்கள், ஒன்றுவிடாமல்.

வீட்டுக்கு வந்தபோதுதான் அவர் கொன்றார். பெரும்பாலும் பிற்பகலில், பெரும்பாலும் தனியாக வாழ்ந்த வயதான பெண்களை, டயாமார்ஃபின் ஊசியால். 2000 ஜனவரி 31-ல் பதினைந்து கொலைகளுக்குத் தண்டனை பெற்றார். நீதிபதி ஜேனட் ஸ்மித் நடத்திய விசாரணையின் முதல் அறிக்கை 2002 ஜூலையில் வந்தபோது எண்ணிக்கை 215. பின்னால் சுமார் 250 என்று மதிப்பிட்டார்கள். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்ற பழமொழியில் அது பேர் அல்ல, வேர்தான் என்று விஷயம் தெரிந்தவர்கள் திருத்துவார்கள். ஹைடில் அந்தத் திருத்தம் உதவாது.

ஷிப்மனை மனநோய்ப் புதிராகப் பார்ப்பதில் எனக்கு அக்கறை இல்லை. அவர் வேஷம் போட்டார், ஜனங்கள் ஏமாந்தார்கள் என்ற விளக்கமும் போதாது. அவர் கொல்லாத ஆயிரக்கணக்கானவர்களை இருபது வருஷம் உண்மையாகவே கவனித்தார்; அவர்கள் கண்டது கண்டதுதான். நோயாளி டாக்டரிடம் எதைப் பார்க்க முடியுமோ அதை முழுக்கப் பார்த்தார்கள். பார்க்க முடியாதது ஒன்றுதான் அங்கே நடந்தது. 1998-ல் ஒருநாள் காத்திருந்தவர்களில் இருவரை உள்ளே கூப்பிட்டு ஒரு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டார்கள். டாக்டர் கேட்டால் யார் படித்துப் பார்ப்பார்கள்? அந்தக் கையெழுத்துகளைப் பார்த்துத்தான் 81 வயதுப் பெண்மணி ஒருவர் தன் சொத்தையெல்லாம் டாக்டருக்கே எழுதி வைத்ததாக ஒரு பொய் உயிலைத் தயாரித்தார். அந்த ஜூன் 24-ல் பெண்மணியைக் கொன்றார். மட்டமான டைப், மட்டமான கையெழுத்து. என் கவுண்டருக்கு வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். இறந்தவரின் மகள் வக்கீல். அவள்தான் சந்தேகப்பட்டாள்.

அதற்கு முன்பே சந்தேகப்பட்டவர்கள் யார் என்று பார்த்தால் சரித்திரத்தின் விசித்திரம் புரியும். தன் டாக்ஸியில் வழக்கமாக வரும் கிழவிகள், நன்றாக இருந்தவர்கள், ஒவ்வொருவராக இறந்துபோவதையும், எல்லோருக்கும் ஒரே டாக்டர் என்பதையும் ஒரு டிரைவர் பட்டியல் எழுதி வைத்திருந்தார். பிணம் எடுக்கும் தொழில் செய்த ஒரு குடும்பம், இந்த டாக்டரின் நோயாளிகள் மட்டும் ஏன் உடுத்திய உடையோடு நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்து கிடக்கிறார்கள் என்று யோசித்தது. தகனத்துக்கு இரண்டாவது கையெழுத்துப் போடும் பக்கத்து டிஸ்பென்ஸரியின் டாக்டர் அம்மாள் ஒருவர், தங்கள் நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்கே வைத்திருப்பவரிடமிருந்து இத்தனை மரணங்களா என்று எண்ணிப் பார்த்தார். 1998 மார்ச்சில் பிரேத விசாரணை அதிகாரியிடம் சொன்னார். போலீஸ் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு ஏப்ரலில் மூடியது. பிறகு மூன்று பேர் இறந்தார்கள். இவர்களில் யாரும் அவரிடம் கையை நீட்டி நாடி பார்க்கச் சொன்னவர்களில்லை. வெளியே நின்று எண்ணியவர்கள். அவர் கம்ப்யூட்டரில் இறந்தவர்களுக்கு இல்லாத இருதய நோயைப் பழைய தேதி போட்டு எழுதி வைத்தார்; எழுதிய உண்மையான நேரத்தையும் அந்த இயந்திரம் எண்ணி வைத்திருந்தது.

1976-லேயே, வேறொரு ஊரில், தன் பெத்திடின் பழக்கத்துக்காகப் பொய்ச் சீட்டு எழுதியதற்கு அவர் அபராதம் கட்டியவர். டாக்டர்களின் கவுன்சில் பெயரை நீக்கவில்லை. ஹைடின் நோயாளிகளுக்கு இது தெரிய வழியில்லை. அவர்களைக் குருட்டு நம்பிக்கைக்காரர்கள் என்று எழுதிய பத்திரிகையாளர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படித்திருக்கலாம்.

பிறகு சீர்திருத்தங்கள். தனியாக டிஸ்பென்ஸரி நடத்தும் டாக்டர்கள் எல்லோர்மீதும் சந்தேகம் விழுந்தது. அவர்களில் கணிசமானவர்கள் இந்தியா, பாகிஸ்தான், இலங்கையிலிருந்து போய், வெள்ளைக்கார டாக்டர்கள் விரும்பாத ஊர்களில் உட்கார்ந்தவர்கள். ஆலோசனைகள், குழுக்கள், தாமதங்கள். 2012 டிஸம்பரிலிருந்து ஒவ்வொரு டாக்டரும் ஐந்து வருஷத்துக்கொருமுறை தன் தகுதியைப் புதுப்பித்துக்கொள்ளவேண்டும் என்று வந்தது. அதற்கு வேண்டிய சான்றுகளில் ஒன்று, நோயாளிகளிடம் கேட்டு வாங்கும் அபிப்பிராயம். டாக்டர் கவனமாகக் கேட்டாரா, மரியாதையாக நடந்தாரா, அவர்மீது நம்பிக்கை இருக்கிறதா என்பது போன்ற கேள்விகள். மார்க்கெட் தெருவில் இந்தக் கேள்வித்தாளைக் கொடுத்திருந்தால் என்ன விடை வந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை.

அப்படியானால் நோயாளியின் அபிப்பிராயத்தைத் தூக்கி எறிந்துவிட்டு எண்ணுகிறவர்களிடம் மட்டும் விட்டுவிடலாமா என்றால், எண்ணுகிறவர்களே அதற்குக் குறுக்கே நிற்கிறார்கள். 2018-ல் பல நாட்டு ஆய்வுகள் இருபத்திரண்டைச் சேர்த்துப் பார்த்ததில், ஒரே டாக்டரிடம் தொடர்ந்து போகிறவர்களிடையே மரணம் குறைவு என்று பதினெட்டு ஆய்வுகள் காட்டின. 2022-ல் நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் கணக்கை எடுத்தார்கள். பதினைந்து வருஷத்துக்கு மேல் ஒரே குடும்ப டாக்டரிடம் இருந்தவர்கள், ஒரு வருஷமே இருந்தவர்களைவிட, நூற்றுக்கு இருபத்தைந்து வீதம் குறைவாக இறந்தார்கள். டாக்டரை மாற்றமாட்டேன், அவர் கைதான் எனக்கு ஒத்துக்கொள்கிறது என்று அடம்பிடிக்கிற கிழவியின் பக்கம் இந்த எண் நிற்கிறது.

ஹைடில் இறந்தவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். பழைய கூட்டு டிஸ்பென்ஸரியில் அவரிடம் போய்க்கொண்டிருந்தவர்கள். 1992-ல் அவர் பிரிந்து மார்க்கெட் தெருவுக்கு வந்தபோது, வேறு டாக்டர் வேண்டாம் என்று கூடவே வந்தவர்கள்.